பெட்டிசம் கொடுத்த ஜனாதிபதி

யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பெட்டிசக்காரர் என்று சொன்னால் அது மரியாதையான பெயர் அல்ல. அயலவன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான், கந்தோரில் இன்னார் கைநீட்டிக் காசு வாங்குகிறார் என்றெல்லாம் பெயர் போடாமல் மேலிடத்துக்கு எழுதிப் போடுகிறவர்களுக்குத்தான் அந்தப் பெயர். இரஞ்சிதம் வளர்ந்த வீட்டிலும் அந்தச் சொல்லை முகம் சுளிக்காமல் யாரும் சொன்னதில்லை. ஆகவே, ஒரு நாட்டுக்கே ஜனாதிபதியாக இருந்த மனிதர், பதவி போன பிறகு வருஷக்கணக்காகப் பிறர் பெட்டிசங்களைச் சுமந்துகொண்டு திரிந்தார் என்று கண்டபோது, அவள் தட்டெழுத்து யந்திரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அந்தப் பந்தியை மறுபடி வாசித்தாள்.

அது 1975ஆம் ஆண்டுக் குளிர்காலம். மெல்பேர்ணில், கிளேட்டனில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு புறநகர். அதன் பெயர் இங்கே வேண்டாம். இரஞ்சிதமும் கணவர் நித்தியானந்தனும் இலங்கையிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கொழும்பில் அவள் அரசாங்கக் கந்தோரில் சுருக்கெழுத்தாளர். சிங்களப் பரீட்சை எழுதினால்தான் சம்பள உயர்வு என்று சட்டம் வந்தபோது, எழுத மாட்டேன் என்று இருந்துவிட்டாள். அவளிடம் வேலை பழகியவர்கள் அவளுக்கு மேலே போனார்கள். அவள் ஒருவரிடமும் முறையிடவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கௌரவம் என்று நினைத்திருந்தாள்.

நித்தியானந்தன் நீர்ப்பாசனப் பகுதியில் பெரிய இஞ்சினியர். மெல்பேர்ணிலோ ஒரு கம்பனியில் மற்றவர்களின் திட்டங்களுக்குப் படம் வரைகிற வேலைதான் கிடைத்தது. வேலையைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். இரஞ்சிதம் பகலில் சாப்பாட்டு மேசையில் யந்திரத்தை வைத்துப் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வுகளைத் தட்டிக் கொடுத்தாள். பூச்சிகள், பாறைகள், பாலங்கள் என்று எத்தனையோ அவள் விரல்களின் வழியாகப் போயின. ஒன்றும் மனதில் நின்றதில்லை.

பீட்டர் கொண்டுவந்தது நின்றது. பீட்டர் மலேசியத் தமிழர், அங்கே பள்ளி ஆசிரியர். விடுப்பில் சரித்திரம் படிக்க வந்திருந்தார்.

"அக்கா, என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துடாதீங்க," என்று தன் ஆய்வுத் தாள்கட்டைக் கதிரையில் வைத்தார்.

"இதிலும் மோசமானதெல்லாம் கண்டிருக்கிறன். ஆரைப் பற்றி?"

"ஜோன் குவின்சி அடம்ஸ். அமெரிக்காவோட ஆறாவது ஜனாதிபதி. தோத்துப்போன ஜனாதிபதின்னுதான் நிறையப் பேர் சொல்வாங்க. ஆனா, அவர் வாழ்க்கையே அதுக்கப்புறம்தான் தொடங்குது."

அடுத்த நாள் முதல் இரஞ்சிதம் அந்த மனிதரோடு வாழத் தொடங்கினாள். இரண்டாவது ஜனாதிபதியின் மகன். பத்து வயதில், யுத்தம் நடக்கும்போதே, தகப்பனோடு அத்திலாந்திக் கடலைத் தாண்டியவர். மீசை அரும்பாத வயதில் ரஷ்யாவுக்குப் போன தூதரின் செயலாளர். பல நாடுகளில் தூதர், பிறகு வெளிநாட்டலுவல் அமைச்சர், கடைசியில் ஜனாதிபதி. தெருக்களும் கால்வாய்களும் பல்கலைக்கழகமும் வேண்டும், நட்சத்திரங்களைப் பார்க்க ஒரு வானாய்வுக்கூடம் வேண்டும் என்று கேட்டார். காங்கிரஸ் சிரித்தது. நான்கு வருஷத்தில் சனம் அவரை வீட்டுக்கு அனுப்பியது.

அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால், சொந்த ஊர்ப் பக்கத்தார் வந்து, காங்கிரஸின் கீழ்ச்சபைக்குச் சாதாரண உறுப்பினராக நில்லுங்கள் என்று கேட்டார்கள். ஜனாதிபதியாக இருந்தவருக்கு அது இறக்கம் அல்லவா என்ற கேள்வி வந்தது. சனம் தெரிவுசெய்தால் ஊர்ச்சபையில் இருந்து வேலை செய்வதும் ஒருவருக்கு இறக்கம் ஆகாது என்பது அவருடைய பதில்.

அன்று பின்னேரம் நித்தியானந்தன் சப்பாத்தைக் கழற்றும்போது இரஞ்சிதம் அதைச் சொன்னாள். அவர் நாடாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார்.

"அப்பிடியே சொன்னவர்?"

"ஓம். சொன்னதோட நிக்கேல்லை. சாகுமட்டும் அந்தச் சபையிலேயே இருந்தவர்."

அவர் எழுந்து முகம் கழுவப் போனார்.

அந்தச் சபையில் கிழவர் செய்ததுதான் இரஞ்சிதத்தை வாய்பிளக்க வைத்தது. அடிமைத்தனத்தை ஒழிக்கச் சொல்லி நாடெங்கும் இருந்து விண்ணப்பங்கள், அதாவது பெட்டிசங்கள், வந்தன. அவற்றைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது, வந்தவுடன் ஒதுக்கிப் போடவேண்டும் என்று சபை விதி செய்தது. அடம்ஸ் விடவில்லை. சபைத் தலைவர் ஆசனத்தில் இருக்கச் சொல்வார், கிழவர் அடுத்த விண்ணப்பத்தை எடுப்பார். பெண்கள் அனுப்பியவற்றை, பெண்களுக்கு இதில் என்ன வேலை என்று ஒருவர் ஏளனம் செய்தபோது, நாள்கணக்காக எழுந்து நின்று பதில் சொன்னார். ஒருமுறை அடிமைகளே அனுப்பிய தாள் ஒன்று தன்னிடம் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று கேட்டார். சபை கொதித்தது. அவரைக் கண்டிக்கவேண்டும் என்று கூச்சல் போட்டார்கள். விண்ணப்பம் என்பது இரந்து கேட்பது, கடவுளிடம் வேண்டுவது போல. கேட்கிற உரிமையை எவ்வளவு எளிய மனிதரிடமிருந்தும் பறிக்க முடியாது என்று அவர் நின்றார். எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த விதி விழுந்தது. எண்பது வயதில், அதே சபையில், தன் இடத்திலேயே சரிந்தார். இரண்டு நாளில், அதே கட்டடத்துக்குள்ளேயே உயிர் போனது.

அந்தப் பக்கத்தைத் தட்டும்போது இரஞ்சிதத்துக்கு மேல் புல்லரித்தது. சாமியறைக்குள் நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு. உலகத்தில் இப்படியும் ஒரு மனிதர் இருந்திருக்கிறார்.

தட்டி முடித்த தாள்கட்டைப் பீட்டர் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வருஷம், கோடை முடிகிற நேரம், பக்கத்து வீட்டு எலேனியின் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தது. எலேனி கிரேக்கத்துப் பெண். தையல் தொழிற்சாலையில் வேலை. ஆங்கிலம் நாலு சொல். நகரசபையின் தாய்சேய் நிலையத்துத் தாதி சொன்னது ஒன்று, எலேனி விளங்கிக்கொண்டது இன்னொன்று. தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று நினைத்துவிட்டாள். பிள்ளை வாடிய கீரைபோல் ஆஸ்பத்திரிக்குப் போய், அரும்பொட்டில் தப்பியது.

திரும்பி வந்த அன்று எலேனி இரஞ்சிதத்தின் குசினிக்கு, அடுப்படி வரைக்கும் வந்து, கையைப் பிடித்து அழுதாள். "நீ மெஷின். நீ எழுது," என்றாள்.

இரஞ்சிதம் எழுதினாள். நிலையத்தில் கிழமைக்கு ஒரு காலையாவது கிரேக்கம், இத்தாலியன் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு பக்கம். எலேனி அதை வீடு வீடாகக் கொண்டுபோனாள். கிரேக்க எழுத்திலும் இத்தாலிய எழுத்திலும் பெயர்கள் நிறைந்தன. எழுதத் தெரியாத ஒரு கிழவி பெருவிரல் அடையாளம் வைத்தாள். எல்லாவற்றுக்கும் கீழே இரஞ்சிதம் தன் பெயரைத் தமிழில் போட்டாள்.

நித்தியானந்தன் அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். "இரஞ்சி, நீர் பெட்டிசம் எழுதத் தொடங்கிட்டீரோ? வந்த இடத்தில எங்களுக்கு ஏன் இந்த வேலை?"

"ஒரு ஜனாதிபதி செய்த வேலையப்பா. எனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

அவர் தாளைத் திருப்பி மேசையில் வைத்தார்.

நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் அவள் எழுந்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சபையில் எழும்புகிறாள். தாளைத் தலைவரிடம் நீட்டினாள். தலைவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். கையெழுத்திட்ட பலர் இந்த நாட்டுக் குடிமக்கள் அல்லர், வாக்காளரும் அல்லர், சில பெயர்களை வாசிக்கவே முடியவில்லை, இதைப் பெற்றுக்கொள்ள இயலாது என்றார். தாள் திரும்பி வந்தது.

அடுத்த மாதமும் அவள் போனாள். திரும்பி வந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. மெல்பேர்ணில் ஆனி, ஆடி என்றால் எலும்புக்குள் குளிர் இறங்கும்; தலையில் சால்வையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தாள். தலைவர் அவளைக் கண்டதும் பெருமூச்சு விடத் தொடங்கினார். ஒருநாள், "இந்த விஷயம் முடிந்துவிட்டது, அம்மணி. தயவுசெய்து ஆசனத்தில் இருங்கள்," என்றார்.

இரஞ்சிதம் இருக்கவில்லை.

"ஐயா, நாங்கள் கேட்டதைத் தாருங்கள் என்று இன்றைக்கு நான் கேட்கவில்லை. வேண்டுமானால் மறுத்துவிடுங்கள். ஆனால், முதலில் கையில் வாங்குங்கள். வாசியுங்கள். வாக்கு இல்லாதவர்கள் கேட்கக்கூட முடியாதென்றால், அவர்கள் யாரிடம் போவது?"

ஓரத்தில் இருந்த ஓர் உறுப்பினர், இறைச்சிக்கடை வைத்திருக்கும் பருத்த கிழவர், கையை உயர்த்தினார். "இதைப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்று பிரேரிக்கிறேன்." ஆமோதிக்க ஒருவரும் இல்லை. பிரேரணை விழுந்தது.

அவள் கண் கலங்கத் திரும்பியபோது, பின்வரிசையில், வேலைக்குப் போட்ட கோட்டோடு நித்தியானந்தன் இருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது, "அடுத்த மாசம் எத்தினையாம் திகதி?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் அவர்கள் தனியாகப் போகவில்லை. எலேனி தெருப் பெண்கள் எல்லோரையும் பிள்ளைகளோடு கூட்டி வந்திருந்தாள். மண்டபம் நிரம்பியது, ஒரு பிள்ளை அழ, மற்றதும் அழ, தலைவர் சுத்தியலைத் தட்டத் தட்ட அழுகை கூடியது. இறைச்சிக்கடைக்காரர் மறுபடி பிரேரித்தார். இந்தமுறை ஒரு பெண் உறுப்பினர் ஆமோதித்தார். கைகள் உயர்ந்தன. ஒரேயடியாக அல்ல, ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி. ஆனால் போதுமான அளவு உயர்ந்தன. செயலாளர் வந்து, இரஞ்சிதத்தின் கையிலிருந்து அந்த மடங்கிக் கசங்கிய தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அடம்ஸ் கிழவருக்கு எட்டு வருஷம் எடுத்தது. தனக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லையே என்று அவளுக்கு வெட்கம் போலவும் பயபக்தி போலவும் இருந்தது.

கேட்டது உடனே கிடைக்கவில்லை. விசாரணை, அறிக்கை என்று இழுபட்டு, 1977இன் நடுவில்தான் புதன்கிழமைக் காலைகளில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வரத் தொடங்கினார். முதல் புதன் இரஞ்சிதமும் போய் வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்தாள். உள்ளே எலேனி ஒரு வருஷமாகத் தேக்கி வைத்த கேள்விகளையெல்லாம் உரத்த கிரேக்கத்தில் கொட்டினாள். பல் முளைப்பது, நித்திரை, பால், தன் இடுப்புவலி எல்லாம் வந்தன. இடையில் தாதி எதற்கோ வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. தன் உதவி அங்கே தேவையில்லை என்று கண்டு, இரஞ்சிதம் எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வருஷக் கடைசியில் நகரசபை, குடிவந்தவர்களுக்கான ஆலோசனைக் குழுவில் சேர அவளைக் கேட்டது. சம்பளம் இல்லாத வேலை. நித்தியானந்தன் கடிதத்தை உரத்து வாசித்தார்.

"என்ன சொல்லப் போறீர்?"

"ஓம் எண்டுதான்," என்றாள் இரஞ்சிதம். அன்றைக்குத் தட்டவேண்டியது நிறையக் கிடந்தது. யந்திரத்தில் புதுத் தாளைச் செருகினாள்.