சரசுவுக்கு வந்த மூன்று ஆஸ்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துப் படியுங்கள்.

போன வாரம் மலர் வந்திருந்தாள். என் ஓரகத்தி சரசுவின் மகள், கீழ்பென்னாத்தூரில் கணக்கு டீச்சர். அம்மாவின் பெட்டியை ஒழித்தபோது கிடைத்தது என்று ஒரு பழைய சீட்டுக்கட்டைக் கொடுத்தாள். வழுக்கிக்கொண்டு போவதற்காக அதில் பவுடர் தடவி வைப்போம். சரசு செத்த பிறகும் அந்த வாசனை போகவில்லை. அவளும் லேசில் போகிறவள் இல்லை.

அப்போது செங்கம் ரோட்டுப் பக்கம் எங்களுக்கு மல்லாட்டைக் கொல்லை இருந்தது. வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆடியில் விதைப்புக்கு முன்னால் மத்தியானமெல்லாம் நானும் சரசுவும் பக்கத்துக் கொல்லை முனியம்மாவும் விதைக்காய் உடைப்போம். விரல் நுனி எரியும். எரிச்சலை மறக்க நடுவில் மூணு சீட்டு. ஆளுக்கு மூன்று சீட்டுதான். தோற்றவள் ஜெயித்தவளின் குவியலையும் உடைக்க வேண்டும்.

எனக்குப் பேச வராது, ஆனால் சீட்டு நன்றாகக் கலைப்பேன். அன்றைக்கும் கலைத்துப் போட்டது நான்தான். சரசு தன் மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். ஆட்டின் ஆஸ், கிளாவர் ஆஸ், இஸ்பேட் ஆஸ். அதற்கு மேல் ஒரு கை கிடையாது.

"இன்னொரு தபா இப்பிடியே போடுங்கக்கா" என்று சிரித்தாள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அதுவும் எனக்கு இல்லை.

மாமனார் எட்டிப் பார்த்தார். "பெரியவளே, இந்த வருசம் மொதப் பிடி வெதைய சின்னவ போடட்டும். ராசியான கையா இருக்குது" என்றார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் பிடி என்னுடையது. எல்லோரும் நின்று என்னைப் பார்க்கும் ஒரே நாள் அது. "சரிங்க மாமா" என்றேன். வேறென்ன சொல்வது? அவளுக்குச் சீட்டைப் போட்ட கை என் கை. அதை யாரும் நினைக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொரு ஆடியிலும் சரசுதான் மடியில் விதையோடு முன்னால் நடப்பாள். நான் பின்னால் கூழ்ப் பானையோடு. நன்றாக விளைந்தால் அவள் ராசி. மழை பொய்த்த வருஷமும், "சின்னவ போட்டதாலதான் இதாவது வந்துச்சு" என்றார் மாமனார். நான் பானையைக் கொஞ்சம் சத்தமாக இறக்கி வைத்தேன்.

சீட்டுக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் இதையெல்லாம் சொல்ல, மலர் கேட்டுச் சிரித்தாள். அதே குழி.

"அந்த மூணு சீட்டும் ஒரே கையில வர்றது இருபத்திரண்டாயிரம் தபாவுல ஒரு தபாதான் பெரியம்மா."

இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிந்தது.

"ஆனா அன்னிக்கு உங்க கையில இருந்துச்சே மூணு சீட்டு, அதே மூணு வர்றதும் அவ்ளோ அபூர்வம்தான். எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணு. ஆஸ் ஒசத்தினு நாமதான் வச்சிக்கினோம்."

"இத உன் தாத்தாகிட்ட யாரு போயி சொல்றது?" என்றேன்.

மாமனார் இல்லை. கொல்லையும் இல்லை; அங்கே இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி. முதல் பிடி விழுந்த மூலையில் நாற்காலி போட்டு காபி குடிக்கிறார்கள்.

மலர் போனபின் யோசித்துப் பார்த்தேன். சரசுவின் மூன்று சீட்டும் அவள் வைத்த வரிசையோடு நினைவிருக்கிறது. என்னுடையது ஒன்றுகூட வரவில்லை. அவள் கையைப் பார்த்த பார்வையில் என் கையைப் பார்க்காமலே கவிழ்த்திருப்பேன். முனியம்மா போளூரில் மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்றைக்கு என் கையில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.