சளியக்காவின் புது மூச்சு

அறிவிப்பு முடிந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும் என்பது அந்தப் பேருந்து நிலையத்தின் விதி. யாராவது பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தூரத்தில் ஓடிவந்தால், மைக்கின் முன் இருக்கும் அக்கா ஊர்ப் பெயர்களை மறுபடி முதலிலிருந்து நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். அந்தத் தாய் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒலிபெருக்கி ஓயும். இதைப் பக்கத்து நாற்காலி நேரக்காப்பாளர் மட்டும் கவனித்திருந்தார்.

அக்காவுக்கு மூக்கடைத்த குரல். அதனால் எல்லோருக்கும் அவர் சளியக்கா. ஒரு வாய் சாப்பாடு, ஒரு வாய் மூச்சு என்று மாற்றி மாற்றித்தான் சாப்பிடுவார். படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவார். ஐம்பது வயதில் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு, "மூக்குக்குப் பின்னால சதை வளர்ந்து வழியை அடைச்சிருக்கும்மா. சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றது, உங்களுக்கு வந்திருக்கு" என்று சொல்லி, சதையை எடுத்துவிட்டார். கடவுள் புண்ணியத்தில் அக்கா முதன்முதலாகப் படுத்துத் தூங்கினார்.

விடுப்பு முடிந்து வந்து, மணி போன்ற குரலில் முதல் வண்டியை அறிவித்தார். ஒருவரும் எழவில்லை.

"யாரோ புதுசு. சளியக்கா வந்து சொல்லட்டும்" என்றார் பெஞ்சில் இருந்த பெரியவர்.

ஆறு வண்டிகள் காலியாகப் போயின. மேலாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"ஏம்மா, உன்னை யாரு மூக்கைச் சரிபண்ணச் சொன்னது?"

"மூச்சு விடணுமே சார்."

"அதை வீட்ல விடு! பழைய குரல் வரலைன்னா பார்சல் ரூமுக்குப் போயிடு."

மூட்டைத் தூசியில் அந்தப் புது மூக்கு பத்து நாள் தாங்காது. மறுநாள் மேலாளரே தன் வீட்டுத் துணிக்கொடியிலிருந்து ஒரு கிளிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதை மூக்கில் மாட்டிக்கொண்டு அறிவித்ததும் பெஞ்சுகள் காலியாயின.

வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் அக்காவைப் பார்க்க நேரக்காப்பாளருக்குப் பொறுக்கவில்லை. குறடால் கிளிப்பின் கம்பியைச் சற்றே நெளித்தார்.

"தினம் ஒரு நூல் தளர்த்துவோம்க்கா. ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது."

"தெரிஞ்சுட்டா பார்சல் ரூம்தான்பா."

"கடவுள் இருக்காருக்கா."

நாற்பதாவது நாள், அறிவிப்பின் நடுவே கிளிப் தானாக நழுவி மேசையில் விழுந்தது. அக்காவுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் ஜனங்கள் பாட்டுக்கு மூட்டை முடிச்சுகளோடு வண்டியில் ஏறினார்கள். மேலாளர் எட்டிப் பார்த்து, "பாத்தியா, பழைய குரல் அப்படியே திரும்பிடுச்சு!" என்றார்.

அதன்பின் எட்டு வருடம் அக்கா நிம்மதியாக மூச்சுவிட்டு வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற அன்று மாலை, பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மைக்கின் முன் ஆளில்லாததால் நேரக்காப்பாளரே அக்காவின் வண்டியை அறிவித்தார். அக்கா அசையவில்லை. நேரக்காப்பாளர் வெளியே ஓடிவந்தார்.

"அக்கா, உங்க வண்டிதான். ஏறுங்க!"

"போப்பா, உன் குரலை நம்பி எப்படி ஏறுறது?"