பார்க்கலாம் என்றொரு குவியல்

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவருக்குப் பெட்டி அண்ணன் என்று பெயர். அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஒரு வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள், எத்தனை அட்டைப்பெட்டி வேண்டும், எத்தனை சுருள் டேப் வேண்டும் என்று சொல்லிவிடுவார். மூன்றாவது மாடியிலிருந்து கண்ணாடி அலமாரியைக் கீறல் படாமல் இறக்குகிற கை அவருடையது. பேச்சில் மட்டும் மகா கஞ்சன். ஒரு சொல்லில் முடிகிற காரியத்துக்கு இரண்டாவது சொல்லைச் செலவழிக்க மாட்டார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்தின் நடுவில் நின்று மூன்று குவியலுக்கு இடம் ஒதுக்குவார். போகும், போகாது, பார்க்கலாம். முதல் இரண்டிலும் தொல்லையில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் மூன்றாவதில்தான் வந்து விழும். என்றைக்காவது இளைத்து விடுவோம் என்று வைத்திருக்கிற கால்சட்டை, ஓடாத சுவர்க்கடிகாரம், யாரோ கொடுத்த, யாருக்கும் பிடிக்காத பூ ஜாடி. வண்டி கிளம்புகிற நேரம் வரை அதை ஒருவரும் தொட மாட்டார்கள். கிளம்பும்போது வண்டியில் இடமிருக்காது. பார்க்கலாமில் விழுந்த சாமான் புது வீடு போய்ச் சேர்ந்ததை அவர் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறார்.

எல்லாம் ஏற்றி முடித்த பிறகு வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்வார். “சாவியை வச்சுட்டுப் போங்கம்மா.” பலபேர் பழைய வீட்டுச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு புது வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டுச் சொந்தக்காரர் கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கத்துவார். ஒருமுறை அந்தத் திட்டை முழுசாக வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து, இந்த வாக்கியம் அவர் வாயில் தும்மல் மாதிரி தானாக வரும்.

அவருடைய மனைவிக்கு ஃபோட்டோ ஸ்டுடியோவில் வேலை. பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுப்பது. வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, வருகிறவர்களை உட்காரவைத்து, “சிரிக்காதீங்க, காது தெரியணும், முடியை ஒதுக்குங்க” என்று நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பாள். படம் காய்கிற நேரத்தில் எந்த நாட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்பாள். படிக்க, வேலைக்கு, பேத்தியைப் பார்க்க, சும்மா சுற்ற. சும்மா சுற்றப் போகிறவர்களைத்தான் அவள் கூட ஒரு நிமிஷம் பிடித்து வைத்துக்கொள்வாள். அங்கே என்ன இருக்கிறது, எப்படிப் போவீர்கள், எங்கே தூங்குவீர்கள். ஊரையே வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து குக்கர் வைப்பாள்.

கல்யாணமான புதிதிலிருந்தே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடல் பார்க்கப் போகலாமா என்று கேட்டாள். “பார்க்கலாம்” என்றார். மலைக்குப் போகலாமா. “பார்க்கலாம்.” பக்கத்து நாட்டுக்கு ரயிலிலேயே போகலாமாம், ஸ்டுடியோவுக்கு வந்தவர் சொன்னார். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “பார்க்கலாம்.” அவர் கெட்டவர் இல்லை. வாரம் முழுக்க அடுத்தவர் சாமானோடு ஊர் ஊராகப் போகிறவருக்கு, லீவு நாளில் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதுதான் சொர்க்கம். முடியாது என்று சொன்னால் அவள் முகம் வாடும். அதைப் பார்க்க அவருக்குத் தாங்காது. அதனால்தான் பார்க்கலாம் என்றார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் ஒருநாள் சாப்பிடும்போது, “அம்மா, அப்பா பார்க்கலாம்னு சொன்னா போக மாட்டோம்னு அர்த்தம், உனக்கு இது கூடத் தெரியாதா?” என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்தான் அதிகம் சிரித்தார்.

ஒரே ஒருமுறை நிஜமாகவே கிளம்பினார்கள். கடலுக்கு, மூன்று நாள். அவள் ஒரு வாரம் முன்னாலேயே பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். கிளம்புகிற அன்று காலையில் கம்பெனியிலிருந்து ஃபோன். பெரிய வீடு, ஆள் இல்லை, பெட்டி அண்ணன் வந்தே ஆகவேண்டும். “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பை இரண்டு நாள் கதவுக்குப் பின்னாலேயே நின்றது. மூன்றாம் நாள் அவள் அதைப் பிரித்து, துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். அதற்குப் பிறகு அவள் எங்கேயும் கூப்பிடவில்லை. தொல்லை விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். பாவி மனுஷன், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

மகள் வளர்ந்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள். வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஆணியில் இரண்டு சாவி. ஒருநாள் சாப்பாடு பரிமாறிவிட்டு அவள் சொன்னாள்.

“நான் சுத்திப் பார்க்கப் போறேன். வெளிநாடு. ஒரு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம்.”

“யாரு கூட?”

“என் கூட.”

அவருக்குக் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது. “அப்ப நான்?” என்றார்.

“உங்களைத்தான் இத்தனை வருஷமாக் கேட்டேனே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மோர் ஊற்றவா என்று கேட்கிற அதே குரல். ஸ்டுடியோவில் ஆளில்லாத நேரத்தில் காமிராவில் டைமர் வைத்துவிட்டு, ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்து தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படத்தைக் காட்டினாள். பாஸ்போர்ட், விசா எல்லாம் ஆகியிருந்தது. படத்தில் அவள் சிரிக்கவில்லை. காது இரண்டும் நன்றாகத் தெரிந்தன.

பிறகு அவள் ஒன்று கேட்டாள். “எனக்குப் பை கட்டத் தெரியல. ஒரே பைதான், முதுகுல போட்டுக்கறது. ஏழு கிலோவுக்கு மேல போகக் கூடாதாம். நீங்க கட்டிக் குடுங்க.”

அந்தச் சொல்லை அவர் பிடித்துக்கொண்டார். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்ல என்ன உரிமை இருக்கிறது என்றும் தெரியவில்லை. கை செய்கிற வேலை ஒன்று இருந்தது, அதைச் செய்தார். கம்பெனியிலிருந்து கொக்கித் தராசை வாங்கி வந்து கதவு நிலையில் மாட்டினார். கூடத்தின் நடுவில் பழைய போர்வையை விரித்தார். போகும், போகாது, பார்க்கலாம்.

அவள் கொண்டு வந்து கொட்டியதைப் பார்த்தால் ஒரு குடும்பமே நாடு கடத்தப்படுகிற மாதிரி இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளும் சிரித்தாள்.

“மூணு செட்டு போதும். உடம்புல ஒண்ணு, பையில ஒண்ணு, கொடியில ஒண்ணு” என்றார்.

“மழை பெஞ்சா?”

“கொடியில இருக்கறது காயாது. பையில இருக்கறதைப் போடு.”

“அதுவும் நனைஞ்சா?”

“வெயில் வர்ற வரைக்கும் வெளிய வராதே.”

பெரிய துண்டு போகாது, பாதியாகக் கிழித்தால் போகும். சோப்பு போகும், டப்பா போகாது. மாத்திரைகளின் அட்டைப்பெட்டியை எல்லாம் பிரித்துப் போட்டார். காலுறைகளைச் சுருட்டி, மாற்றுச் செருப்பின் இடுக்கில் திணித்தார். துணியை மடிக்காமல் சுருட்டச் சொல்லிக் கொடுத்தார். கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பை பின்னால் இழுக்கும் என்றார். மூக்குக்கண்ணாடி உடைந்தால் என்ன செய்வாள் என்று யோசித்து, மாற்றுக் கண்ணாடி வாங்கி வந்து, அதை மட்டும் குமிழ் பிளாஸ்டிக்கில் மூன்று சுற்று சுற்றினார். வாரக்கணக்கில் சாயங்காலம் தோறும் இதுதான் வேலை. பையை மாட்டிக்கொண்டு அவள் மாடிப்படி ஏறி இறங்குவாள்; அவர் கீழே நின்று, “தோள் வலிக்குதா? இடுப்பு வாரை இழு” என்பார். இவ்வளவு பேச்சு அவர்களுக்குள் நடந்தே எத்தனையோ காலமாகியிருந்தது. அவருக்கு உள்ளுக்குள் ஒரு முட்டாள்தனமான சந்தோஷம். பை கட்டி முடியாமலே இருந்தால் தேவலை என்று கூட நினைத்தார்.

அவள் ஒருநாள் மூன்று பேரும் இருக்கிற படத்தை எடுத்து நீட்டினாள். ஸ்டுடியோவில் எடுத்தது, சட்டம் போட்டது. “ஃபோன்ல இருக்கே” என்று போகாதில் வைத்தார்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் பார்க்கலாம் குவியலும் கரைந்துவிட்டது. தராசில் முள் ஏழைத் தாண்டிக் கொஞ்சமே கொஞ்சம் துடித்துக்கொண்டிருந்தது. அவர் முள்ளைப் பார்த்தபடி, எதை எடுத்தால் சரியாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் ஆணியிலிருந்து எதையோ எடுத்து வந்து பக்கத்தில் நின்றாள்.

“என்னங்க, இந்தச் சாவி?”

அவர் தலையைத் திருப்பவில்லை. “சாவியை வச்சுட்டுப் போ” என்றார்.

சாவி அவள் கையில் ஒருமுறை கிலுங்கியது.

“வச்சுட்டுப் போகவா?”

“ஆமா. பூட்டு இங்க இருக்கு, சாவி எதுக்கு அங்க? சும்மா கனம்.”

“சரி” என்றாள். போய் ஆணியில் மாட்டினாள். மாற்றுச் செருப்பை எடுத்து வெளியே போட்டதும் முள் ஏழில் வந்து நின்றது. “பாத்தியா!” என்று அவர் கையைத் தட்டினார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் இருவரும் கிளம்பினார்கள். அவள் பையோடு படியிறங்கிவிட்டாள். அவர் கதவைப் பூட்டத் தன் சாவியை எடுக்கும்போது, ஆணியில் அவளுடைய சாவி மட்டும் தனியாகத் தொங்குவதைப் பார்த்தார். அப்போதுதான் நேற்றுச் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சாவியை வச்சுட்டுப் போ. இதை அவர் யாரிடம் சொல்வார்? அந்த வீட்டுக்குத் திரும்பி வராதவர்களிடம்தான் சொல்வார். அவள் சாவியின் கனத்தையா கேட்டாள்? திரும்பி வரட்டுமா என்று கேட்டாள். ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டாள். இவர் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு, வீட்டைக் காலி பண்ணுகிறவளுக்குச் சொல்கிற பதிலைச் சொல்லி வைத்திருக்கிறார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார்.

பஸ்ஸில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஆள் நின்றுகொண்டிருந்தான். இறங்கி நடந்தபோது சொல்லியிருக்கலாம். அவள் பையின் வாரைச் சரிபண்ணுவதிலேயே நேரம் போனது. விமான நிலையத்தின் வாசலில், இதற்கு மேல் டிக்கெட் உள்ளவர்கள்தான் என்று காவலாளி கையை நீட்டியபோது, வேறு வழியில்லாமல் சாவியை எடுத்தார்.

“இதை வச்சுக்கோ.”

அவள் சாவியை வாங்கி, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். “கனம் ஏறுமே.”

“ஏறட்டும். கண்ணாடியை எடுத்துடலாம். துண்டை எடுத்துடலாம்.” அவர் கை பையின் ஜிப்புக்குப் போனது. “நான் பழக்கதோஷத்துல சொல்லிட்டேன்மா. அதை அப்படி எடுத்துக்காதே.”

“எனக்குத் தெரியும்” என்றாள். நிஜமாகவே தெரிந்த முகம்தான். கண் கலங்கியிருந்தது. அவர் கையைப் பிடித்து, சாவியை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். “உங்ககிட்டயே இருக்கட்டும். பை நல்லா இருக்குங்க. முதுகுல இருக்கறதே தெரியல.”

“எப்ப வருவே?”

அவள் ஒரு அடி எடுத்து வைத்திருந்தாள். நின்று, திரும்பிப் பார்த்தாள். பழிக்குப் பழி என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு அந்த மனசு கிடையாது. முடியாது என்று சொன்னால் இந்த மனுஷன் முகம் வாடுமே, அதைப் பார்க்கத் தாங்காதே என்றுதான் சொன்னாள்.

“பார்க்கலாம்.”

கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. அந்தக் கூட்டத்தில் அவ்வளவு சின்னப் பையோடு போனவள் அவள் ஒருத்திதான். அவ்வளவு கச்சிதமாகக் கட்டியவர் வாசலில் நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது கொக்கித் தராசு நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. போர்வையின் மேல் போகாதவை எல்லாம் கிடந்தன. டப்பா, பாதித் துண்டு, செருப்பு, மூன்று பேர் இருக்கிற படம். அவற்றுக்கு நடுவில் அவரும் உட்கார்ந்துகொண்டார். மகளிடமிருந்து ஃபோன் வந்தது.

“அம்மா உள்ள போயிட்டாங்களாப்பா?”

“போயிட்டா.”

“எப்ப திரும்பி வருவாங்கன்னு ஏதாவது சொன்னாங்களா?”

“சொன்னா.”

“என்ன சொன்னாங்க?”

“பார்க்கலாம்னு சொன்னா.”

பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்ன பெண், இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

“அப்பா” என்றாள் கடைசியில். “சாப்பிட்டீங்களா?”