அண்ணனூரில் முடிவான முதல் பாட்டு

காலை ஆறு மணி. அண்ணனூர் நடைமேடையில் கிடார், டிரம்ஸ் மூட்டைகளோடு நாங்கள் நால்வரும் சென்ட்ரல் போகும் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கிறோம். எங்கள் ராக் குழு முதல்முறையாகச் சென்னைக்கு வெளியே, பெங்களூரில் வாசிக்கப் போகிறது. எந்தப் பாட்டில் தொடங்குவதென்று இன்னும் சண்டை.

ரயில் பணிமனைக்கு வேலைக்குப் போகும் தேவராஜ் அண்ணன் எதிரே வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர். சத்தம் தாங்கவில்லை என்று இரண்டு வருடமாக எங்களோடு மல்லுக்கு நிற்பவர்.

"இன்னாபா, ஊட்ட காலி பண்ணிகினு போறீங்களா?"

"பெங்களூர்ல கச்சேரிண்ணா. முதல்ல எதைப் பாடுறதுன்னுதான் தெரியல."

"மழைப் பாட்டப் பாடு நைனா. நல்லா கீது."

ரயில் வருகிறது. டிரம்ஸைத் தூக்கி ஏற்றிவிடுகிறார். எழுதிய எனக்கே தடுமாறும் மழைப் பாட்டின் இரண்டாம் சரணத்தை ஒரு சொல் பிசகாமல் முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறார்.