எந்தப் பக்கம் என்று கேட்ட மிஸ்திரி

ரங்கூனில், அலோன் படகுத்துறைப் பக்கம் வண்டி விளக்குகளுக்கு வயர் இழுக்கும் மிஸ்திரி அவர். ஒல்லி உடம்பு, வெற்றிலைக் கறை ஏறிய உதடு. கேள்வி கேட்காமல் எந்த வண்டியையும் தொடமாட்டார்.

என் பிக்கப்பின் முன்விளக்குகள் மங்கலாக எரிந்தன. வயரை மாற்றி, இரண்டு பனிவிளக்கும் வைக்கச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் ஓட்டுறீங்கண்ணே? எத்தனை மணிக்குக் கெளம்புவீங்க? கூட யாரு வருவாங்க?"

ராணுவ ஆட்சியில், கேட்பவர் யாரிடம் போய்ச் சொல்வாரோ என்று ரங்கூனே பயந்திருந்த காலம் அது. நான் ஏற்றியது வெறும் கருவாடுதான். ஆனாலும், "டவுனுக்குள்ளதான், தனியாத்தான்" என்றேன்.

பழைய மெல்லிய வயரை உருவிப் போட்டார். பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, விளக்குக்கு முழு மின்சாரம் போக ரிலே பொருத்தினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"டவுனுக்குள்ள ஏதுண்ணே அவ்வளவு பனி?"

"சும்மா, அழகுக்கு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, ஒரு பனிவிளக்கைச் சாலையோரம் பார்க்கத் திருப்பி முடுக்கினார்.

ஒரு வாரம், வாசலில் யார் செருமினாலும் திடுக்கிட்டேன். யாரும் வரவில்லை. மார்கழி விடியலில், டவுனுக்கு வெளியே பெகு சாலையின் அடர்ந்த பனியில், அந்த விளக்குதான் ஓரமாகப் போன மாட்டுவண்டியைக் காட்டியது. பிரேக்கை மிதித்தேன். நானும் வண்டிக்காரரும் மயிரிழையில் தப்பினோம்.

பாதையையும் நேரத்தையும் அவர் விளக்கை அதற்கேற்பத் திருப்பக் கேட்டிருக்கலாம். கூட யார் வருவார் என்று கேட்டது எதற்கு? நன்றி சொல்லப் போனால் பெகு சாலையைச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கடைசிவரை நான் போகவே இல்லை.