பிளாஸ்திரிக்குள் ஒளிந்த மூக்குத்தி

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்துக்கு நான் மருமகளாகப் போன புதிது. மழை ஏமாற்றியதில் பருத்தி, மிளகாய் எல்லாமே காலை வாரிவிட்டன. தூத்துக்குடியில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனி, ஊர் ஊராக வேன் அனுப்பிப் பெண்களை வேலைக்குக் கூட்டிப் போனது. கடலையே ஒழுங்காகப் பார்த்திராத நான் இறால் உரிக்கப் போனேன். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஒருநாள் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். எங்கள் இறாலை வாங்கும் நாட்டு அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா சோதனைக்கு வருகிறாராம். அவர் சரி என்று சொல்லாவிட்டால் ஒரு பெட்டிகூட அங்கே போகாது, கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான் என்றார். வளையல் கூடாது, பூ கூடாது, மூக்குத்தி கூடாது.

வளையலும் பூவும் சரி. மூக்குத்திதான் வம்பு. என்னுடையது கோவில்பட்டியில் வாங்கி, கல்யாணத்துக்கு மாமியார் தன் கையாலேயே திருகிவிட்டது. நான் பேச்சை எடுத்ததுமே, "அதக் கழத்துனாத்தான் வேலன்னா அந்த வேலயே வேண்டாம்" என்று முடித்துவிட்டார். என்னைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். எங்கள் சூப்பர்வைசர் அக்காதான் வழி கண்டுபிடித்தார்.

"ஏட்டி, அதும் மேல பிளாஸ்திரிய ஒட்டிக்கிடுங்க. மாஸ்க்குக்குள்ள யாரு வந்து எட்டிப் பாக்கப் போறாவ?"

சொன்னதோடு நிற்காமல் அக்காவும் ஒட்டிக்கொண்டார்.

அந்த அம்மா வந்தார். நல்ல உயரம். எங்களைப் போலவே வெள்ளைக் கோட்டு, தொப்பி, மாஸ்க், கையுறை. தண்ணீர், ஐஸ், வடிகால் என்று ஒன்று விடாமல் பார்த்துவிட்டு, என் எதிரே வந்து நின்றார். பயத்தில் எனக்கு வேர்த்து ஊற்றியது. மூக்கில் ஏதோ நழுவுவது போலிருந்தது. அவ்வளவுதான், மாஸ்க் ஓரமாக வழுக்கி வந்த பிளாஸ்திரி, உரித்து வைத்த இறால் மேலேயே விழுந்தது.

சின்ன இடுக்கியால் அதை எடுத்துப் பார்த்தவர், யாருக்குப் புண் என்று கேட்டு, எல்லோரையும் மாஸ்க்கை இறக்கச் சொன்னார். இறக்கினோம். வரிசையாகப் பிளாஸ்திரி மூக்குகள்! என்ன தொற்று வியாதியோ என்று அவர் ஓரடி பின்னால் போனார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை பேர் சோற்றிலும் என்னால்தான் மண் விழப் போகிறது என்று நினைத்தேன்.

அக்கா சட்டென்று தன் பிளாஸ்திரியை உரித்து மூக்குத்தியைக் காட்டினார். "புண்ணுல்லாம் இல்ல சார். கல்யாணத்துக்குப் போட்டது, கழத்த வீட்டுல விட மாட்டேங்காவ. அந்தம்மாட்ட சொல்லுங்க." மேனேஜர் இங்கிலீஷில் சொன்னார்.

அந்த அம்மா சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. மெதுவாகத் தன் இடது கையுறையைக் கழற்றினார். விரலில் ஒரு பிளாஸ்திரி! பிரித்தால் உள்ளே கல்யாண மோதிரம். நேராகக் கை கழுவும் இடத்துக்குப் போய், சோப்புப் போட்டு, திருகித் திருகி அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வந்தார். அதற்காக எங்களை விட்டுவிடவும் இல்லை. என் மேஜை இறால் முழுவதையும் கொட்டச் சொன்னார். நாளையும் வருவேன், மூக்கு வெறுமையாக இருப்பவர்கள் மட்டும் மேஜையில் நிற்கலாம் என்று கறாராகச் சொன்னார்.

வேலை போனது என்றே நினைத்து வீட்டுக்கு வந்தேன். மாமியாரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"அந்தம்மாவுமா கழத்துனாவ?"

"ஆமா அத்தை, எங்க கண்ணு முன்னாலயே."

"பாவம், அவியளுக்கும் வீட்டுல ஒரு மாமியாக்காரி இருப்பால்லா" என்றவர், தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு, "இங்கன வா" என்றார். போட்ட கையாலேயே திருகிக் கழற்றி முந்தியில் முடிந்துகொண்டார். "சாயந்தரம் வந்ததும் போட்டுக்கிடணும், ஆமா!"

மறுநாள் அந்த அம்மா என் மூக்கைப் பார்த்துத் தலையசைத்தார். சில வாரங்களில் அனுமதியும் வந்தது. நான் வேலைக்குப் போன காலம் முழுக்க, காலையில் கழற்றுவதும் சாயங்காலம் போட்டுவிடுவதும் மாமியார்தான்.

இன்றும் யாரிடமாவது ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்ல வாயெடுத்தால், மோதிரத்தைக் கழற்றிச் சிவந்து போயிருந்த அந்த விரல் கண் முன்னே வருகிறது. நான் முதலில் என் கையைப் பார்த்துக்கொள்கிறேன்.