தாமரைத் திரைக்கு எத்தனை மீட்டர்?

உங்கள் வீட்டு ஜன்னலை என்றைக்காவது அளந்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும். ஸ்கிரீன் தைக்கிற வேலையில் தையல் சுலபம். கடைக்காரர் கத்திரியும் கையுமாக "எத்தனை மீட்டர்?" என்று கேட்கிறாரே, அந்த ஒரு நிமிஷம்தான் கஷ்டம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் சுமார். கல்யாணமாகி கல்கத்தாவில் பெஹாலாவுக்கு வந்த பிறகுதான் ஜன்னல்கள் எனக்குக் கணக்கு நடத்தின.

காயப்போட்ட துணி

முதலில் என் வீட்டு ஜன்னலுக்குத்தான் தைத்தேன். ஜன்னல் நாலடி அகலம், துணியும் நாலடி அகலம். இதைவிடப் பொருத்தம் ஏது என்று ஒரே துண்டு வாங்கி, ஓரம் மடித்து மாட்டினேன். தினமும் புடவைக்குக் கொசுவம் வைக்கிறவளுக்கு, ஜன்னலுக்கும் கொசுவம் வேண்டும், அதற்கு இரண்டு பங்கு அகலம் வேண்டும் என்று தோன்றவே இல்லை. திரை விறைத்துக்கொண்டு நின்றது.

மேல் வீட்டு மிதாலி பௌதி வந்தார். அண்ணியை இங்கே பௌதி என்பார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காய்ஞ்சதும் எடுத்துடுவே இல்ல?"

எத்தனை செங்கல்?

அந்தத் துணி மகளுக்குக் கவுனாகிவிட, ஜன்னலில் என் பழைய புடவை ஏறியது. அடுத்து, சித்தி முறை வைத்து நான் காகிமா என்று கூப்பிடும் கீழ் வீட்டு அம்மாவுக்குத் தைத்தேன். அவர் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடக்கும். கம்பியிலிருந்து கட்டில் மட்டம் வரை அங்குலம் பிசகாமல் அளந்தேன். தைத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் மழை என்றால் தண்ணீர் கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிடும். காகிமா கட்டில் கால்களுக்கு அடியில் ஆளுக்கு இரண்டு செங்கல் கூடுதலாகக் கொடுத்துவிட்டார். நான் மாட்டிய திரையின் அடிப்பக்கம் கட்டில்மேலே புரண்டது.

நான் அழாத குறை. காகிமாவோ அதைத் தலையணைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "விடு மா, தலையணை உறை மிச்சம்" என்றார்.

இப்போதெல்லாம் டேப்பை எடுக்கும் முன்னாலேயே செங்கலைத்தான் எண்ணுகிறேன்.

கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று

பௌதியின் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசி, மாப்பிள்ளையின் அம்மா ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக வீடு பார்க்க வருவதாக இருந்தது. முன்னறையின் இரண்டு ஜன்னலுக்கும் புதுத் திரை வேண்டும். "போன தடவை மாதிரி ஆச்சுன்னா சம்பந்தி முன்னாடி நான் தலைகாட்ட முடியாது" என்றார் பௌதி.

நாலு திரை, ஒவ்வொன்றுக்கும் எழுபத்திரண்டு அங்குலம். ஏழரை மீட்டர் தாராளம். பெரிய பெரிய தாமரை போட்ட துணி. எனக்கே ஆசை வந்து, எங்கள் ஜன்னலுக்கும் நாலு மீட்டர் வாங்கினேன். கடையில் அந்தத் துணி அத்தோடு தீர்ந்தது.

முதல் திரையை வெட்டி, பக்கத்தில் அடுத்த துணியை விரித்தால் பகீரென்றது. இதில் தாமரை கழுத்தில், அதில் இடுப்பில்! பூவுக்குப் பூ நேராக வரவேண்டும் என்றால் ஒவ்வொரு திரைக்கும் எட்டு அங்குலம் தள்ளி வெட்ட வேண்டும். அப்படி வெட்டினேன். நாலாவது திரைக்கு ஒரு முழம் குறைந்தது. நாளை மறுநாள் ஞாயிறு.

எங்கள் ஜன்னலுக்கு வாங்கிய துணியை எடுத்து விரித்தேன். என் கணவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அப்ப நமக்கு இந்த வருஷமும் புடவைதானா?"

எங்கள் ஜன்னல்

மிச்சத் துணியில் எங்கள் ஜன்னலுக்கு ஒரு திரைதான் தேறியது. ஒரு பக்கம் தாமரை, மறுபக்கம் அதே பழைய பச்சைப் புடவை. முழம் குறைந்த துண்டு பௌதி வீட்டுத் திரைகளை இழுத்துக் கட்டும் பட்டையானது.

ஞாயிறு சாயங்காலம் படியில் பேச்சுக்குரல். பௌதி முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார், பின்னாலேயே சம்பந்தியம்மா. "எட்டுப் பூவும் ஒரே வரிசையில நிக்குதே, யார் தச்சதுன்னு கேட்டாங்க. கூட்டிட்டே வந்துட்டேன்."

வந்தவரின் கண் நேராக எங்கள் ஜன்னலுக்குத்தான் போனது. ஸ்கிரீன் தைக்கிறவள் எத்தனை மீட்டர் வாங்கினாலும் அது பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தான் சரியாக வரும் என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் போய்ப் புடவையைத் தடவினார், தாமரையைத் தடவினார், திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்கும் இதே மாதிரி தச்சுக் கொடு மா, ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் புடவை. புடவை நான் தரேன், துணி எத்தனை மீட்டர்னு மட்டும் நீ சொல்லிடு."